மூலைக்கு மூலை

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் அந்தத் தெருவில் சாமான் வண்டிக்குச் சொல்வதற்கு முன்பே பட்டி அக்காவுக்குச் சொல்லிவிடுவார்கள். ஆணித் துளையோ, கட்டில் உரசிய கோடோ, பிள்ளைகளின் கிறுக்கலோ, அவள் பட்டி என்கிற சுவர்ப் பசையை வைத்துத் தேய்த்து வண்ணம் அடித்தால் சுவர் புதுசாகிவிடும். ஆனால் பட்டித்தகட்டைத் தொடும் முன் ஒவ்வொரு துளையையும் பென்சிலால் வட்டமிட்டு, போனில் படமெடுத்து, வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவாள். "மூடுறதுக்கு முன்னாடி காட்டிடணும். மூடிட்டுச் சொன்னா கதை விடுறோம்னு நினைப்பாங்க" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் தான் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்த அன்று மாட்டிக்கொண்டாள்.

ஒன்பது வருடம் இருந்த வீடு. வீட்டுக்காரம்மாவுக்கு அந்தத் தெருவில் இன்னும் எட்டு வீடுகள் உண்டு. அத்தனைக்கும் சுவர் வேலையை அக்காவிடமே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "முதல்ல உன் வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். நாலு மணிக்கு வருகிறார்.

மதியம் வேறொரு வேலை முடித்து வந்த அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டாள். வேன் ஓட்டும் கணவன் கையில் பிரஷ்ஷோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கூடத்துச் சுவரின் ஆணித் துளைகளை அவனே பட்டி வைத்து வண்ணம் தொட்டு மூடியிருந்தான்; பதினோரு வெள்ளைத் திட்டுகள் பளபளத்தன.

"எப்படி? உனக்கு வேலை மிச்சம்!"

"ஐயோ, என் புண்ணியவானே! உதவி செய்யலைன்னாலும் உபத்திரவம் செய்யாம இருக்கக் கூடாதா? பழைய சுவர்ல புது வண்ணத்தைத் தொட்டா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியாதா? வட்டம் போட்டீங்களா? படம் எடுத்தீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். ஊர்ச் சுவரையெல்லாம் சரி செய்கிறவளின் மானம் கப்பலேறிவிடும். ஆனால் புலம்ப நேரமில்லை. திட்டுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தாள். முழுச் சுவருக்கும் வண்ணத்தை இந்த மூலையில் தொடங்கி அந்த மூலையில் முடித்தாள். மூன்று மணிக்குச் சுவர் கண்ணாடியாக நின்றது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தாள்.

வீட்டுக்காரம்மா வந்தார். மற்ற மூன்று சுவர்களையும் பார்த்தார். புதுச் சுவருக்கு முன்னால் வந்ததும் முகம் மாறியது.

"இது மட்டும் ஏன் புதுசா இருக்கு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா? விரிசலா, ஈரமா? எல்லாருக்கும் முன்னாடியே படம் அனுப்புவியே, எனக்கு மட்டும் ஏன் அனுப்பலை?"

"அது வந்து..." என்று கணவன் இழுத்தான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். இனி என்ன சொன்னாலும் அது கதைதான் என்று அவளுக்குத் தெரியும். பட்டித்தகட்டை எடுத்து வீட்டுக்காரம்மாவிடம் நீட்டினாள்.

"சந்தேகப்படுற இடத்தைக் காட்டுங்கம்மா. சுரண்டிப் பாருங்க. மடியில கனமில்லை, எனக்கென்ன பயம்?"

அவர் தயங்கினார். பிறகு நடுச்சுவரில் விரலை வைத்தார். தான் பார்த்துப் பார்த்து முடித்த சுவரை அக்கா அவர் கண்முன்னே கீறினாள். கணவன் கண்ணை மூடிக்கொண்டான். வண்ணம் உதிர்ந்தது. உள்ளே காய்ந்த, கெட்டியான சுவர். விரிசலும் இல்லை, ஈரமும் இல்லை. "இன்னொரு இடம்?" என்றாள். ஜன்னலோரம் காட்டினார். அங்கே பட்டியோடு ஒரு ஆணித் துளை வந்தது, அவ்வளவுதான்.

"மொத்தம் பதினொண்ணும்மா. அலமாரி மாட்டுறேன்னு இவர் போட்ட துளை. பாதி தப்பான இடத்துல."

வீட்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "என் புருஷனும் இருந்தவரைக்கும் இப்படித்தான் துளை போடுவார். மூடும்மா, போதும்."

அக்கா இரண்டு காயங்களுக்கும் பட்டி வைத்தாள். திட்டாக விட மனமில்லாமல், அது காய்ந்ததும் மறுபடி மூலைக்கு மூலை அடித்தாள். வீட்டுக்காரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் அக்கா வீட்டுச் சாவியை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். அதில் எட்டுச் சாவிகள் இருந்தன.