அட்டையில் படித்த வசனம்

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்த ஐப்பசி மாதம் அது. வேலை கிடைக்கிற எல்லோரும் சொந்த ஊர்ப் பக்கமாகக் கேட்டு வாங்குவார்கள். எனக்குக் கேட்காமலே அமைந்தது. என் அம்மா இருக்கும் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அப்புறம் ஒரு ஏற்றம் ஏறி நடக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் போகவில்லை. சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஒரு வசனம்தான் காரணம்.

வேலூரில் விடுதியில் தங்கி மருந்தாளுநர் படிப்பு படித்தபோதுதான் நான் கிறிஸ்தவளானேன். யாரும் என்னை இழுத்துப்போகவில்லை. எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது, ஒரு சின்ன ஜெபக்கூட்டத்துப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் பாடுவதைக் கேட்கப் போனேன், அங்கேயே தங்கிவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்ததை அம்மாவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "உனுக்கு நல்லதுன்னா சரி கண்ணு. லீவுக்கு மட்டும் வந்துட்டுப் போ" என்றாள். அண்ணன்தான் கத்தினான். வீட்டில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்கு நான் விலகி நின்றது அவனுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

கூட்டத்தை நடத்திய பாஸ்டரிடம் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். அவர் மோசமான மனிதர் இல்லை. என் பரீட்சைக்கெல்லாம் உபவாசம் இருந்தவர். அன்று அவர் ஒரு சின்ன அட்டையை எடுத்துக் கொடுத்தார். லூக்கா சுவிசேஷத்திலிருந்து ஒரு வசனம். இயேசுவிடம் வருகிறவன் தன் தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் அவருக்குச் சீஷனாக இருக்க முடியாது என்று சொல்லும் வசனம். "உங்க வீட்ல மனந்திரும்புற வரைக்கும் அந்த வாசலை மிதிக்காதீங்க சிஸ்டர். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வார்த்தை தெளிவா இருக்கு" என்றார்.

தெளிவாகத்தான் இருந்தது. நான் அதை அம்மாவிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். "இனிமே வர முடியாதும்மா. வேதத்துல அப்படி எழுதியிருக்கு." "எழுதியே இருக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வசனம் எனக்கு வசதியாகவும் இருந்தது. அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டாம். மழைக்கு ஒழுகுகிற அந்த வீட்டைப் பற்றி விடுதித் தோழிகளிடம் மழுப்ப வேண்டாம். கீழ்ப்படிகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். தப்பித்துக்கொள்கிறேன் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

ஜமுனாமரத்தூருக்கு வேலைக்கு வந்தபிறகுதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. மேலே தகரக் கூரை. ஞாயிற்றுக்கிழமை போனில் பாஸ்டரின் செய்தியைக் கேட்பதுதான் ஆராதனை. பாட்டு வரும்போது நான் மட்டும் சேர்ந்து பாடுவேன். என் குரல் எனக்கே கூச்சமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். "இன்ன ஊர்ப் பொண்ணுதானே நீ, அம்மா எப்டிக்கீறாங்க?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்காங்க" என்று சொல்லி மாத்திரையை எண்ண ஆரம்பித்துவிடுவேன். எனக்கு எப்படித் தெரியும்?

சந்தை நாளில் அம்மா வருவாள். சாக்கை விரித்துப் புளியும் சாமையும் வைத்து உட்கார்ந்திருப்பாள். முதல் தடவை பார்த்தபோது என் கால் நின்றுவிட்டது. அவளும் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்புவதற்குள் அவளே தலையைக் குனிந்து, அடுக்கியிருந்த புளியைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரமம் வைக்காமல் அவளே முந்திக்கொண்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. காய்கறிக்காரர்கள் இருந்த வரிசையில் நுழைந்து போய்விட்டேன். அதற்கப்புறம் சில மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு சந்தைக்கு அவள் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. ஆறு மாதம் அந்த இடத்தில் வேறு யாரோ பூண்டு விற்றார்கள். விசாரிக்கவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது என்று எழுத இப்போது கை கூசுகிறது.

அந்த ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. கரண்ட் போனது; செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது. ஐந்து நாள் போனில் ஒரு சத்தம் இல்லை. ஞாயிறு செய்தியும் இல்லை. நோயாளிகளும் வரவில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் வேதாகமத்தை எடுத்து, மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். யாரும் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லாமல், குறித்துக் கொடுத்த வசனம் என்று இல்லாமல், கதை படிக்கிற மாதிரி படித்தது அதுதான் முதல் தடவை. வசனங்களை அட்டையில் படித்திருக்கிறேன். பக்கத்தோடு சேர்த்துப் படித்ததில்லை.

மத்தேயுவில் அதே விஷயம் வந்தது. ஆனால் அங்கே வெறுக்க வேண்டும் என்று இல்லை. தகப்பனையோ தாயையோ என்னைவிட அதிகமாக நேசிக்கிறவன் எனக்குத் தகுதியில்லை என்று இருந்தது. இரண்டு மூன்று தடவை படித்தேன். என்னைவிட அதிகமாக. நேசிக்காதே என்று இல்லை.

மறுநாள் மாற்கு. ஏழாம் அதிகாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை, 'அது கடவுளுக்குக் காணிக்கையாகப் போய்விட்டது' என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். கடவுளின் பெயரைச் சொல்லி அம்மாவைக் கைவிட்டவர்களை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

லூக்காவுக்கு வர எனக்குப் பயமாக இருந்தது. வந்தேன். அட்டையில் இருந்த அதே வசனம்தான், ஆனால் அங்கே அது இன்னும் நீளமாக இருந்தது. தாய் தகப்பனோடு, தன் ஜீவனையும் வெறுக்க வேண்டும் என்று அதே வாக்கியம் சொன்னது. நான் மூன்று வேளை சாப்பிடுகிறேன். தலைவலித்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். என் ஜீவனை நான் ஒரு நாளும் அந்த மாதிரி வெறுத்ததில்லையே, அம்மாவை மட்டும் எப்படி வெறுத்தேன்? ஒரே வாக்கியத்தில் ஒரு வார்த்தைக்கு எனக்கு ஒரு அர்த்தம், அவளுக்கு ஒரு அர்த்தம் வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. அந்த வசனம் இல்லாமல் போய்விடவில்லை. இயேசுவா மற்றவர்களா என்று ஒரு நாள் வந்தால் அவர்தான் முதல் என்று அது சொல்கிறது. இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் என் அம்மா ஒரு நாளும் என்னை அப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. லீவுக்கு வா என்றுதான் சொன்னாள்.

சிக்னல் வந்ததும் பாஸ்டருக்குப் போன் செய்தேன். படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "சிஸ்டர், தனியா உக்காந்து படிச்சா இப்படித்தான் குழப்பம் வரும். சாத்தானும் வசனம் சொல்லுவான்" என்றார்.

"நான் சொல்றது தப்புன்னா, எங்க தப்புன்னு வேதத்துலயே காட்டுங்க பாஸ்டர். ஒத்துக்கிறேன்."

"மூணு வருஷம் கீழ்ப்படிஞ்சீங்க. இப்ப மாம்சம் பேசுது" என்றார் அவர், என் சொந்த ஆசைதான் பேசுகிறது என்கிற அர்த்தத்தில். மறுநாள் காலையில் அந்தக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை. கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒருத்திதான் எடுத்தாள். "எனக்காக ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் நாளே ஊருக்குப் போனேன். வாசலில் அண்ணி நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, "இன்னா வேணும்?" என்றாள், மருந்து விற்க வந்தவளைக் கேட்பது போல. "அம்மாவைப் பார்க்கணும்" என்றதும் உள்ளே கை காட்டிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்னவென்று சட்டெனப் புரியவில்லை. முறத்தை இடது கையால் மட்டும் தூக்கி ஆட்டினாள். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் திரும்பி, மடியில் கிடந்தது.

"என்னம்மா ஆச்சு கையி?"

"புளி உலுக்கப் போயி மரத்துல இருந்து வுயுந்துட்டேன். அது ஆயிடுச்சு ஆறு மாசம்." பக்கத்து ஊரில் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாராம். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே! நான் அங்கதானேம்மா இருக்கேன்!"

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ கீறன்னுதான் வர்ல. எங்க மூஞ்சில முயிக்கக் கூடாதுன்னு உங்க சாமி எழுதி வெச்சிக்குதுன்னியே. நான் வந்து நின்னா உனுக்குப் பாவம் வந்துடாதா? உங்க அண்ணன் வண்டி வெச்சி இட்டுக்கினு போறேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னுட்டேன்."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, அப்படி எழுதலை. நான்தான் தப்பா படிச்சிட்டேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எங்களுக்குத்தான் எயுத்து தெரியாது. நீ படிச்சவ. நீ எப்டி கண்ணு தப்பா படிப்ப?"

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே புரியாமல் கேட்டாள். எழுதியிருக்கிறது என்று படித்தவள் சொன்னால் அது எழுதியிருக்கும் என்று நம்பி, மூன்று வருஷம் மகளையும், கடைசியில் கையையும் விட்டுக்கொடுத்தவள். அழுதேன். அவள் இடது கையால் என் முதுகைத் தட்டினாள். பிறகு எழுந்து போய்ச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "இது சாமிக்குப் படைச்சது இல்ல கண்ணு. பயப்படாம துன்னு" என்றாள். நான் மூன்று வருஷம் கட்டிக் காத்ததாக நினைத்த விசுவாசத்துக்கு, அவள் அந்த ஒரு வார்த்தையில் கொடுத்த மரியாதையை நான் அவளுக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும், "அப்ப அம்மாவைப் பத்தி அதுல இன்னாதான் எயுதிக்குது?" என்று கேட்டாள். சிலுவையில் தொங்கும்போது இயேசு தன் அம்மாவைச் சீஷன் ஒருவனிடம் ஒப்படைத்ததைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அந்தம்மாவுக்கு வூடு கெடச்சிச்சா?" என்றாள்.

"கெடச்சிதும்மா. அந்தச் சீஷரு தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்ட்டாரு."

"அப்ப சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் அம்மாவை வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மறுபடி உடைத்து வைக்கலாம், ஆனால் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது, உடனே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது பயிற்சி செய்து விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. கை நிமிரவில்லை.

அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பழைய கூட்டத்துக்கும் நான் இல்லாமல் போனேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மலை இறங்கி ஒரு சபைக்குப் போகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க முன்னமே எழுந்து வந்துவிடுவேன். மற்ற ஞாயிறுகளில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நானும் வேதமும்தான். சந்தை நாளில் மட்டும் கொஞ்ச நேரம் அம்மா பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்காது. மூன்று வருஷத்து இடைவெளியை எங்கே தொடங்கிப் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வேதத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாஸ்டர் மேல்கூட இப்போது இல்லை. அவர் நீட்டியது ஒரு அட்டை. அதற்கு முன்னும் பின்னும் பக்கங்கள் என் கையிலேயே இருந்தன. புரட்டாமல் இருந்தது நான். ஆனால் அதிலிருந்து, ஒரு வசனத்துக்கு இதுதான் அர்த்தம் என்று யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், மற்ற பக்கங்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல், அந்த அர்த்தம் யாருடைய உடம்பில் போய் இறங்கும் என்று யோசிக்காமல், என்னால் ஆமென் சொல்ல முடிவதில்லை.