பாருக்கு மேலால் போன பந்து

அண்ணா கல்லூரி புட்போல் அணியில் சேர்ந்துவிட்டான் என்பதை அப்பா ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அப்பா மன்னாரில் பாடசாலை அணிக்கு விளையாடியவர். புட்போல் என்றால் அவருக்குக் காலால் உதைப்பது. மொன்ட்ரியாலில் அதே பெயரில் வேறொரு ஆட்டம் இருப்பது அவருக்குத் தெரியாது. அண்ணாவும் சொல்லவில்லை. தலைக்கவசம் போட்டு ஆளை ஆள் இடித்து விழுத்தும் ஆட்டம் என்று தெரிந்தால் அம்மா வீட்டை விட்டே வெளிக்கிட விட்டிருக்க மாட்டா.

அந்தப் பருவம் முழுக்க அண்ணாவின் அணிக்காரர்கள் ஒரு கிழமை வென்றால் மறு கிழமை தோற்றார்கள். சனிக்கிழமைகளில் அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. கடைசி மட்ச்சுக்கு மட்டும் லீவு எடுத்தார். வென்றால் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். தோற்றால் அதோடு எல்லாம் முடிந்தது. அண்ணாவுக்குக் கல்லூரியில் அது கடைசி வருடம். சித்தப்பாவும் வந்தார். வராமலே இருந்திருக்கலாம்.

தொடங்கியவுடனேயே அப்பா எழும்பிவிட்டார்.

“ஹான்ட்! ஹான்ட்! ரெஃப்ரி என்ன குருடனோ?”

முன்வரிசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணை, இருங்கோ. இஞ்ச எல்லாரும் கையாலதான் விளையாடுறாங்கள்,” என்றார் சித்தப்பா.

“அப்ப ஏன்டா இதுக்குப் புட்போல் எண்டு பேர்?”

சித்தப்பா அவரைக் கையில் பிடித்து இருத்தினார்.

அண்ணாவின் வேலை உதைப்பது மட்டும்தான். ஒன்றிரண்டு தரம் வந்து பந்தைத் தூர உதைத்துவிட்டுத் திரும்பப் போய் மைதான ஓரத்து வாங்கில் குந்திக்கொண்டான்.

“வாங்குக் காவலுக்கோ அண்ணை உவனை எடுத்தவங்கள்?” என்றார் சித்தப்பா. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்கள் அணி இரண்டு புள்ளி பின்னால். அண்ணாவை இறக்கினார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்கே இருக்கும் பாருக்கு மேலால் பந்து போனால் வெற்றி. அது எனக்குத் தெரியும், அண்ணா சொல்லியிருந்தான். மாடு மாதிரித் தடியன்கள் கத்திக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். ஒல்லிக்குச்சி அண்ணா அசையாமல் நின்று உதைத்தான். பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. வானத்துக்குள் போய்விட்டதென்று நினைத்தேன். பிறகு கம்பங்களுக்கு நடுவால் மெல்ல இறங்கியது. அப்படியொன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை.

அப்பா இரண்டு கையையும் தலையில் வைத்தார். “நாசமாப்போச்சு! பாருக்கு மேலால அடிச்சுப்போட்டான்!”

அதற்குள் அவனுடைய அணிக்காரர்கள் வென்ற சந்தோஷத்தில் ஊளையிட்டபடி அண்ணாவின் மேல் குவிந்து விழுந்தார்கள்.

“ஐயோ, பிள்ளையை அடிக்கிறாங்கள்!”

பெட்டி தூக்கி முதுகு பிடித்த மனிதர் வேலியைத் தாண்டிப் பாய்ந்தார். நான் பின்னால் ஓடினேன். தன்னைப் போல இரண்டு மடங்கு இருந்தவர்களைக் கழுத்துப்பட்டியில் பிடித்து ஒவ்வொருவராக இழுத்து எறிந்தார்.

“கோல் அடிக்காட்டி ஆளை அடிக்கிறதோடா? விடுங்கோடா!”

தமிழில்தான். அவர்களும் விட்டார்கள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. அண்ணாவின் உதையா பெரிது, இதுவா பெரிது என்று தெரியவில்லை.

அப்பா அண்ணாவைக் கட்டிப்பிடித்தார். “பரவாயில்லை தம்பி. எனக்கும் ஒருக்கால் இப்பிடித்தான் மேலால போனது. அழாதை.”

அண்ணா அழுதுகொண்டுதான் இருந்தான். “ஓம் அப்பா,” என்றான்.

எனக்கு விசர் வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணா அப்பாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினான். வென்றவன் எதற்குத் தோற்றவனைப் போல ஆறுதல் வாங்கிக்கொண்டு நிற்கிறான்? எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீடு இருக்கும் வில்லரே வரும்வரை அவனோடு நான் கதைக்கவில்லை.