ஹாலுக்குப் பதினாறு கலர், அடுப்படிக்கு ஒரு ஜோடி செருப்பு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எனக்கு ஷாக் கொடுத்தது. விலையைப் பார்த்தால் வருமே, அந்த ஷாக் இல்லை. தயிர் எடுக்கக் கதவில் கை வைத்தேன்... சுள்ளென்று முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது.

ஹாலில் என் வீட்டுக்காரர் புது ஃபால்ஸ் சீலிங்கை அண்ணாந்து பார்த்தபடி ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். பதினாறு கலர் மாறும் லைட். நான் போட்ட சத்தத்துக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஏளா, செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொட வேண்டியதுதான?"

இதை யார் சொல்கிறார் என்பதுதான் இங்கே விசேஷம். ஐயா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேன். அங்கே வெடிமருந்து அறைக்குள் செருப்புக் காலோடு ஒரு ஈ நுழைய முடியாது. ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளங்கையை அதில் ஒற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். தகடு லேசாக ஆடினால்கூட யாரும் உள்ளே போகக் கூடாது, முதலாளியே சொன்னாலும் போகக் கூடாது என்று தினமும் காலையில் பாடம் எடுப்பார். ஆயுத பூஜைக்குப் போன என்னையே, பாலியஸ்டர் சேலை என்று கேட்டிலேயே நிறுத்தி வைத்த மகான் அவர். சுண்டலும் பொரியும் கேட்டுக்கே வந்தன.

சாயங்காலம் வேனில் ஏறும்போது டிபன் கேரியரை மறக்காமல் எடுத்துக்கொள்கிறார். பயத்தை மட்டும் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார்.

சாத்தூரில் எங்கள் வீடு என் மாமனார் கட்டியது. வயரிங்கும் அவர் காலத்தது. மூன்று மாதமாக வீட்டைப் புதுசாக்கும் வேலை நடந்தது. லைட் வாங்க மதுரைக்கு மூன்று நடை போனோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட இந்த மனிதர் ஒரு நடைதான் வந்தார் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

எலக்ட்ரீசியன் பீர் அண்ணன் முதல் நாளே அடுப்படி சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்டினார். வயரின் மேல்தோல் தொட்டதும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி என்று ஒன்று அந்த வீட்டிலேயே கிடையாது. முதலில் வயர் எல்லாவற்றையும் மாற்றுவோம், வெளியே குழி வெட்டி எர்த் போடுவோம், லைட்டெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றார்.

நியாயமான பேச்சுதானே? ஆனால் எங்கள் வீட்டில் ஹாலுக்கு மட்டும் புது வயர் ஓடியது. அடுப்படிச் சுவரில் அப்போதுதான் பெயிண்டுக்கு முந்திய புட்டி பூசியிருந்தார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் சுவரை வெட்டுவதா என்றார் ஐயா. சுவருக்குள் இருப்பதை எந்த விருந்தாளி பார்க்கப் போகிறார்? எர்த் குழிக்குப் பார்த்து வைத்த இடத்தில்தான் கேட் விளக்கு நிற்க வேண்டும் என்றும் முடிவாகிவிட்டது.

பீர் அண்ணன் மனசு கேட்காமல், கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் டிரிப் சுவிட்ச் ஒன்றை மாட்டினார். மாட்டின நிமிடத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருந்தது. தூக்கி விட்டால் மறுபடி விழும்.

"அண்ணாச்சி, இது பழுது இல்ல. உங்க வீட்டுச் சுவத்துக்குள்ள எங்கனயோ கரண்ட் கசியுது. அதத்தான் இது சொல்லுது" என்றார் பீர் அண்ணன்.

உண்மை சொல்கிறவனை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? சுவிட்ச் மட்டமான சரக்கு என்று தீர்ப்பானது. கழற்ற மாட்டேன் என்று பீர் அண்ணன் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஐயாவே ஸ்குரூ டிரைவரோடு ஏறி அதைக் கழற்றினார். வீடு அமைதியானது. பதினாறு கலரும் நிம்மதியாக எரிந்தன.

அடுத்த செவ்வாய்தான் ஃபிரிட்ஜ் என்னைப் பதம் பார்த்தது. நான் கையை உதறிக்கொண்டு நிற்கிறேன்... குளித்துவிட்டு ஈரத் தலையும் ஈரக் காலுமாக வந்தாள் என் மகள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப, ஃபிரிட்ஜில் இருந்த மல்லிகைப் பூவுக்கு நேராகக் கையை நீட்டினாள். எட்டிப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்பில் அவள் கை சிவந்துவிட்டது. என்னம்மா என்று முறைத்தாள். அவளை ஹாலுக்குத் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை.

அவர் வேன் ஏறியதும் அடுப்படி ஃபியூஸைப் பிடுங்கினேன். கதவைப் பூட்டினேன். பட்டாசு அறைக் கதவில் எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து என்று எழுதியிருப்பார்களே... அதே மாதிரி, புதுப் பாலிஷ் கதவு என்றும் பாராமல் சாக்பீஸில் கொட்டை கொட்டையாக எழுதினேன்.

"அடுப்படி. ஆள் அளவு: பூஜ்யம். எர்த் போடும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஃபோர்மேன் சொன்னாலும் போகக் கூடாது."

சாயங்காலம் மகளுக்குக் கடையில் எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இந்தப் போராட்டம் ஒரு மாதம் நீடித்தாலும் அவளுக்குச் சம்மதம்.

அவர் வந்தார். காபி கேட்டார். கதவைக் கை காட்டினேன். சத்தம் போடுவார் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"காலையில நம்ம பிள்ளை ஈரக் கையோட அந்த ஃபிரிட்ஜ் கதவத் தொடப் போனா. உங்க கம்பெனியில இப்படி ஒரு ரூம் இருந்தா, ஆள உள்ள விடுவீகளா?" என்று மட்டும் கேட்டேன்.

எழுதியதை இரண்டு தடவை படித்தார். என்னிடம் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து, திரும்ப என் கையிலேயே கொடுத்தார். உள்ளே போகப் போனவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். இத்தனை வருஷப் பழக்கம்... வலது கை தானாகப் போய் நிலைப் பக்கத்துச் சுவரைத் தடவியது. அங்கே செம்புத் தகடு இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று புட்டிதான் இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அப்புறம் போனை எடுத்தார்.

"பீர் அண்ணாச்சி, காலையில வாங்க. சுவத்த எங்கன வேணும்னாலும் வெட்டிக்கோங்க."

இப்போது அடுப்படிச் சுவரில் கோடு கோடாகப் பூசிய தழும்புகள். கேட் விளக்கு இடம் மாறிவிட்டது. அது நின்ற இடத்தில் எர்த் குழி, மண் காயாமல் இருக்கத் தினமும் காலையில் அவரே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார். விருந்தாளிகள் வந்தால் பதினாறு கலரையும் காட்டிவிட்டு, மறுபடி மாட்டிய அந்த மட்டமான சரக்கு டிரிப் சுவிட்சையும் அமுக்கிக் காட்டுகிறார்... எல்லாம் அவருடைய ஐடியாவாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இப்போது தயிரும் பூவும் மட்டும்தான் கொடுக்கிறது.