மயில் ஓடிய இருநூறு மீட்டர்

எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு கொள்கை இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஓடவும் வேண்டும், ஆடவும் வேண்டும், கட்டுரையும் எழுத வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் வைத்ததுதான் வினை. அதுவும் குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்ட ஆடி மாதத்தில்.

அந்த வருடம்தான் அம்மா என்னை அழைத்துக்கொண்டு தென்காசியில் மாமா வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா எப்போது வந்து கூட்டிப்போவார் என்று கேட்டால், "பரீட்சை முடியட்டும்" என்பாள். எந்தப் பரீட்சை என்று சொல்லமாட்டாள். மாமா போலீஸ்காரர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். அம்மாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

புதுப் பள்ளியில் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று, ஆறாம் வகுப்பில் நான் எல்லாவற்றுக்கும் கை தூக்கியிருந்தேன். காலையில் கட்டுரைப் போட்டி ஒழுங்காக முடிந்தது. அடுத்து நடக்க வேண்டிய ஓட்டம் மழையால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சாயங்கால நடனத்துக்காக எனக்கு மயில் வேஷம் போட்டு, முகத்தில் நீலம் தடவி, சலங்கை கட்டி, அட்டைத் தோகையை இடுப்பில் கட்டி முடித்த நேரம் பார்த்து மழை விட்டு வானம் வெறித்தது.

விளையாட்டு டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, இங்கன என்ன பண்ணுதே? இருநூறு மீட்டருக்குக் கூப்பிட்டாச்சு. நீ வரலேன்னா நம்ம பச்சை அணிக்கு ஆளே கெடையாது!"

"டீச்சர், நான் மயிலு..."

"மயிலு ஓடாதாக்கும்? வாட்டி!"

ஓடினேன். சலங்கைச் சத்தத்தில் முன்னால் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குடைகளுக்கு அடியிலிருந்த செல்போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. வளைவில் தோகை அவிழ்ந்து விழுந்தது. அது இல்லாமல் சாயங்காலம் எப்படி ஆடுவது? திரும்பிப் போய் எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி ஓடினேன். மறுபடி தூறல். முகத்து நீலம் கழுத்தில் வழிந்தது. மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, தோகைய எடுக்கத் திரும்பிப் போவுதுண்ணே மயிலு!" நிற்க முடியாமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் மாமா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கடைசியாக வந்ததற்கு ஒரு போலீஸ்காரர் அழுவார் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அழாதீங்க மாமா, அடுத்த வருசம் வேஷம் போடாம ஓடுதேன்."

அவர் என்னைத் தோகையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "வேஷத்தோடயே ஓடுட்டி."

"அப்ப ஜெயிக்க வேண்டாமா?"

மாமா, அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை அணி தோற்றதில் மாமாவுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.