ஒரே கம்பெனி, ஒரே துண்டு, ரெண்டு கை

தோல் வாங்குகிற தொழிலில் வாய்க்கு வேலை கம்மி. துண்டுக்கு அடியில் விற்பவரின் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். எனக்கோ வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவன் வேலை பார்க்கும் ஆம்பூர் கம்பெனியை ராணிப்பேட்டைக் கம்பெனியோடு சேர்த்துவிட்டார்கள். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

குடும்ப விருந்து

"இனி நாம் ஒரே குடும்பம்" என்று மைக்கில் சொல்லி பிரியாணி போட்டார்கள். தோல் வாங்க இனி ஒரு ஆள் போதுமாம், எச்.ஆர். தம்பி அங்கேயே என் காதில் போட்டார். நானா, இத்தனை வருஷம் சந்தையில் என்னோடு மல்லுக்கு நின்ற ராணிப்பேட்டை சலீம் பாயா? பார்த்துவிடலாம் என்று எலும்பைக் கடித்தேன். இந்த ஓரம் நாங்கள், அந்த ஓரம் அவர்கள், நடுவில் காலி நாற்காலிகள். வாட்ச்மேன் கேட்டார்: "இன்னா சார், குடும்பம்னாங்க, எல்லாம் சொத்து பிரிக்க வந்த மாதிரி உக்காந்துனு கீறீங்க?"

லீவு

எங்களுக்கு வெள்ளி லீவு, அவர்களுக்கு ஞாயிறு. வெள்ளிக்கிழமை அவர்கள் போன் போட்டுக் கத்துவார்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள். கணக்குப் பிரிவு மல்லிகா சொன்னது: "லீவு அதே ஒரு நாள்தான் சார், திட்டு மட்டும் ரெண்டு நாளாச்சு."

துண்டுக்குள்ளே

அடுத்த சந்தையில் நல்ல ஆட்டுத்தோல் வந்திருந்தது. மண்டிக்காரர் துண்டோடு என்னிடம் வந்தார், சலீம் பாயிடம் போனார், திரும்பி வந்தார். பாய் விலையை ஏற்ற, நான் ஏற்ற, எனக்கு ரத்தம் கொதித்தது. கடைசியில் சரக்கு எனக்கு. மீசையைத் தடவினேன். மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்: "தோத்தவரும் உங்க கம்பெனி, ஜெயிச்சவரும் உங்க கம்பெனி. அப்ப நான்தான் ஜெயிச்சேன் போல!"

ஒரு நாற்காலி

விஷயம் மேலே போனது. எச்.ஆர். தம்பி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "யார் போறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "இவரை அனுப்புங்க தம்பி. நாளைக்கே வேற கம்பெனிக்குப் போவாரு. நாம எதுவரைக்கும் விலை ஏத்துவோம்னு இவர் விரலுக்குத் தெரியும். என்னை அனுப்பினாலும் அதே கதிதான்" என்று மேஜையைத் தட்டினேன். தம்பி எங்கள் பைலை மூடினார். பிறகு ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டார். சந்தைகளைத்தான் ஆளுக்கொன்றாகப் பிரித்தார்.

வெளியே வந்ததும் சலீம் பாய் என் கையைப் பிடித்தார்: "நெஜத்தச் சொல்லு தோஸ்த், எனக்காகப் பேசினியா, உனக்காகப் பேசினியா?"

கம்பெனிகள் சேர ஒரு வேளை பிரியாணி போதும். ஆட்கள் சேர, ரெண்டு பேர் நாற்காலியும் ஒன்றாக ஆட வேண்டியிருக்கிறது.