மோதிரம் கழற்றிய விருந்து

1. வெறுங்கை

விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர் கையிலும் அந்த வாட்ச் இல்லை.

தல்லாகுளத்தில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால். வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் முகமும் என் கண்ணில் படவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தேன். சிலர் கையில் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கிற குவார்ட்ஸ் வாட்ச். சிலர் கை மொட்டை. உள்ளே சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த கம்பெனி சேர்மன் உட்கார்ந்திருந்தார். தன் கம்பெனி வாட்ச்சை ஆசையாக வாங்கிச் சேர்க்கிற மதுரைக்காரர்களைப் பார்ப்பதற்கென்றே அவர் வந்திருந்தார்.

நான் சேவியர். மேல மாசி வீதியில் ஒரு வாட்ச் கடையில் சர்வீஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் டைமிங் மெஷின் பற்றியும் வாட்டர் டெஸ்ட் பற்றியும் கேட்கிறார்கள். அதையெல்லாம் கோர்ஸில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கோர்ஸில் வராத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கம்பெனி நம் பக்கத்துக்கு ஒரு ஏஜென்சி கொடுப்பதாக இருந்தது. போட்டி இரண்டு கடைகளுக்கு. ஒன்று எங்கள் கடை, இன்னொன்று கோயம்புத்தூரில். எங்கள் முதலாளி ராஜரத்தினத்துக்கு அந்த ஏஜென்சி மேல் உயிர். அதற்காகவே கடை முகப்பை இடித்துக் கண்ணாடி போட்டு, ஏசி வைத்திருந்தார். கம்பெனியின் பம்பாய் மேனேஜர் பட்கர் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சேர்மன் இரண்டு ஊருக்கும் வருவார், கலெக்டர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார், அதற்குப் பிறகுதான் முடிவு. கலெக்டர் என்றதும் முதலாளி முதலில் ஜில்லா கலெக்டரைக் கூப்பிட வேண்டுமோ என்று பதறிப் போனார். வாட்ச் சேர்க்கிறவர்களை அந்தக் கம்பெனியில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் விளக்கினேன்.

"அப்ப அது உன் வேல சேவியரு. யார் யார்கிட்ட இருக்குன்னு உனக்குத்தான தெரியும். அம்புட்டுப் பேரையும் கூப்புடு" என்றார். ஏஜென்சி வந்தால் சர்வீஸ் செக்‌ஷன் தனி அறையில், நான்தான் பொறுப்பு. வராவிட்டால் சர்வீஸே வேண்டாம், அலாரம் டைம்பீஸ் விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. என் நிலைமை இவ்வளவுதான்.

2. கோளாறில்லாத கடிகாரம்

அந்த வாட்ச் வைத்திருப்பவர்கள் மதுரையில் எப்படிப்பட்டவர்கள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். வாங்குவார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் சொந்தக்காரர் மூலம் வரவழைப்பார்கள். வந்ததும் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துப் பார்ப்பார்கள், சாவி கொடுப்பார்கள், திரும்ப வைப்பார்கள். ஊரில் அது தெரிந்தது அவர்களுக்கும், எனக்கும், சில வீடுகளில் வீட்டுக்காரம்மாவுக்கும் மட்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சப்பன் என்று ஒருவர். மாட்டு வியாபாரம், மானாவாரிக் காடு, நல்ல வசதி. அவரிடம் தங்கக் கேஸ் வாட்ச் ஒன்று இருந்தது. ஏன் அண்ணே கட்டுவதில்லை என்று கேட்டேன். இதைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் மாட்டுக்காரன் விலையை ஏற்றிவிடுவான் என்றார். கட்டாமல் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று துளசிராம் ஐயா வீடு. சௌராஷ்டிரக் குடும்பம், சாயப்பட்டறையும் சுங்குடி வியாபாரமும். அண்ணன் துளசிராம் மாடியில், தம்பி ஜெயராம் கீழே, வியாபாரம் ஒன்று. அண்ணன் வைத்ததுதான் சட்டம். வீண் செலவு என்றால் அவருக்கு ஆகாது என்று தம்பி நடுங்குவார். அந்தத் தம்பி ரகசியமாக ஒரு வாட்ச் வாங்கி, அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அடுத்த தீபாவளிக்குள் அண்ணன் என்னை மாடிக்குக் கூப்பிட்டு அதைவிடப் பெரிய வாட்ச் ஒன்றைக் காட்டினார். தம்பிக்குத் தெரிந்தால் அவனும் செலவு பண்ணக் கிளம்பிவிடுவான், வாயைத் திறக்காதே என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டு பேரும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவதற்கு ஒரே சாக்கு வைத்திருந்தார்கள், ஹாலில் தொங்கிய பெண்டுலம் கடிகாரம். அண்ணனும் அது ஓடவில்லை என்று ஆள் அனுப்புவார், தம்பியும் அனுப்புவார். அந்தக் கடிகாரத்துக்கு ஒரு கோளாறும் கிடையாது. பாவம், அதை நான் அத்தனை தடவை கழற்றி மாட்டியதில்தான் கோளாறு வந்திருக்க வேண்டும். இவ்வளவு நல்ல கடிகாரம் ஏன் அடிக்கடி நின்று போகிறது என்று அந்த வீட்டுப் பெண்கள் என்னிடமே கேட்பார்கள்.

இவர்களைத்தான் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து விருந்துக்கு அழைத்தேன். வேறு யார் வருகிறார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து மேசை இருக்கும், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொள்வார்கள், கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது என்றுதான் நினைத்தேன். முதலாளியும் அதே நினைப்பில் வக்கீல் நண்பரையும் இன்னும் இரண்டு அதிகாரிகளையும் சேர்த்துக் கூப்பிட்டிருந்தார்.

பட்கர் மத்தியானமே வந்து எல்லா மேசையையும் தூக்கச் சொல்லிவிட்டார். சேர்மனுக்கு எல்லோரும் ஒரே குடும்பமாக உட்கார வேண்டுமாம். நடு ஹாலில் ஒரே நீளமான மேசை. எதிரும் புதிருமாக நாற்காலிகள்.

3. சேர்மன் கேட்டது

அண்ணனும் தம்பியும் தனித்தனி காரில் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவருமே என்னைப் பார்த்தார்கள். கடைக்கார ராஜரத்தினம் பழக்கம், தட்ட முடியவில்லை என்று அண்ணன் சொன்னார். எனக்கும் அதேதான் என்றார் தம்பி. எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

நம் ஆட்கள் ஏழரைக்கெல்லாம் சாப்பிட்டுப் பழகியவர்கள். அந்தக் கம்பெனி வழக்கத்தில் முதலில் ஜூஸ், பிறகு பேச்சு, பிறகு பம்பாயிலிருந்து வந்த வாட்ச்களைப் பார்ப்பது, கடைசியில்தான் சாப்பாடு. ஒச்சப்பன் இரண்டாவது ஜூஸைக் குடித்துவிட்டு, இலை எப்பப்பா போடுவீக என்று சர்வரிடம் கேட்டார்.

சேர்மன் நல்ல மனிதர். வயது அறுபதுக்கு மேல். சின்ன வயதில் பட்டறையில் உட்கார்ந்து வேலை கற்றவர் என்று அவர் விரலைப் பார்த்தாலே தெரிந்தது. பேசி முடித்துவிட்டு மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். எல்லோருடைய மணிக்கட்டையும் அவரும் பார்த்தார். பிறகு பட்கரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். பட்கர் என்னைக் கைகாட்டினார். சர்வீஸ் பார்ப்பவர் இவர்தான், இவருக்கு எல்லாம் தெரியும் என்றார்.

சேர்மன் என் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். இவர்களை எனக்கு அறிமுகப்படுத்துங்கள், யாரிடம் எங்கள் வாட்ச் இருக்கிறது, எந்த மாடல்?

இங்கிலீஷ் புரிந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒச்சப்பன் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன கேட்கிறார் என்று விசாரித்து, புரிந்ததும் அவரும் தட்டைப் பார்த்தார். ஜெயராம் முகத்தில் ரத்தம் இல்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், சொல்லித் தொலையேண்டா என்று எழுதியிருந்தது. நான் சொன்னால் ஏஜென்சி எங்களுக்கு. சொன்னால் அந்த மேசையில் இருக்கும் ஒருவர் வீட்டுக்குள்ளும் இனி நான் போக முடியாது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்து என் கையில் கொடுத்தவர்கள் அவர்கள்.

மிஷன் ஸ்கூல் இங்கிலீஷில் சொன்னேன். "அதை அவங்கதான் சொல்லணும் சார். நான் ரிப்பேர் பாக்கிறவன்."

யாரும் சொல்லவில்லை. சேர்மன் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். முதலாளி எழுந்து என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு நீ கடைக்கு வர வேணாம்" என்றார். பிறகு, வாட்ச் ட்ரே எடுக்க வேறு ஆள் இல்லாததால், இன்றைக்கு மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார். கோச்சடையில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ட்ரேயை எடுத்தேன்.

4. மோதிரம்

வெல்வெட் ட்ரேயில் ஆறு வாட்ச். கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று சேர்மன் சொன்னார். முதலில் முதலாளியின் வக்கீல் நண்பர். மூன்று மோதிரம் போட்ட கையால் ஒன்றை அப்படியே அள்ளி எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினார். அடுத்தது ஒச்சப்பன்.

ஒச்சப்பன் வாட்ச்சைத் தொடவில்லை. வலது கையை மடியில் வைத்து, விரலில் இருந்த பவழ மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. தண்ணீர் டம்ளரில் விரலை விட்டு ஊற வைத்தார். அவருக்கு அடுத்தவர் அதற்குள் நவரத்தின மோதிரத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எதிர் வரிசையிலும் அதே வேலை. ட்ரே தங்களிடம் வருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

இது நான் செய்து வைத்த வேலை. தங்கக் கேஸ், அதாவது வாட்ச்சின் வெளிக்கூடு, சாஃப்ட். கல் வைத்த மோதிரம் லேசாக உரசினாலும் கோடு விழும். விழுந்தால் பாலீஷ் போட வேண்டும், பாலீஷ் போட்டால் கேஸ் தேயும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் மோதிரத்தைக் கழற்றினால்தான் வாட்ச்சைக் கையில் கொடுப்பேன். முதல் தடவை முறைப்பார்கள். பிறகு அதுவே கைப்பழக்கம் ஆகிவிடும். எத்தனையோ வருஷமாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு, நான் சொல்லிக் கொடுத்த பழக்கம் வெள்ளை மேசைவிரிப்பின் மேல் மோதிரம் மோதிரமாக உட்கார்ந்திருந்தது.

முதலில் கவனித்தவர் ஒச்சப்பன்தான். விரல் டம்ளருக்குள் இருக்க, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"என்னண்ணே, அம்புட்டுப் பேரும் கழட்டுறீக? அப்ப எல்லார்கிட்டயும் இருக்கா?"

அப்புறம்தான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கழற்றிய மோதிரத்தைத் திரும்பப் போடவும் முடியாமல், அடுத்தவர் மோதிரத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். துளசிராம் ஐயா முன்னால் அவருடைய மோதிரம். எதிரே ஜெயராம் முன்னால் அவருடையது. அண்ணன் தம்பி இருவரும் அந்த இரண்டு மோதிரங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அண்ணன் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ கேட்டார். தம்பி ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

ஏன் மோதிரத்தைக் கழற்றுகிறார்கள் என்று சேர்மன் கேட்டார். எங்கள் முதலாளி சமயத்துக்குக் கெட்டிக்காரர். சாப்பிடுவதற்கு முன் மோதிரம் கழற்றுவது மதுரை வழக்கம் என்று அடித்துவிட்டார். சேர்மன் வக்கீலின் விரல்களைப் பார்த்தார். மூன்று மோதிரமும் அதனதன் இடத்தில் இருந்தன. இவர் வெளியூரா என்று கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. சேர்மன் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒச்சப்பனுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஒரு வாட்ச்சை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பாடு வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

5. டெலிபோன்

விற்பனை ஏஜென்சி கோயம்புத்தூருக்குப் போனது. அங்கே எல்லோரும் கையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்களாம். ஆனால் சர்வீஸ் சென்டர் மதுரைக்கு என்று சேர்மனே சொன்னதாகப் பம்பாயிலிருந்து தனியாக எழுதினார்கள். லாபம் விற்பனையில்தான், சர்வீஸில் என்ன கிடைக்கும் என்று முதலாளி நாலு நாள் யாரோடும் பேசவில்லை. வர வேண்டாம் என்று என்னிடம் சொன்னதை அவர் திரும்பப் பெறவும் இல்லை, நினைவுபடுத்தவும் இல்லை. நான் மறுநாளே வழக்கம்போல் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவர் விடாமல் என்னைத் திட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒவ்வொருவராகப் போனும் செய்தார்கள். யாரும் திட்டவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான், எதிரில் உட்கார்ந்திருந்தாரே, அவரிடம் இருப்பது எந்த மாடல்? ஒச்சப்பன் இதற்காகவே பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். தெரியாது அண்ணே என்றேன். உனக்கா தெரியாது என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் போனார். இப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே, இனிமேல் சொன்னால் என்ன என்று முதலாளியே கேட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வருகிறேன். இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் எது இருக்கிறது என்றும் சொல்லலாம் என்று ஆகாது. அவர்கள் மோதிரத்தைக் கழற்றியது அவர்கள் விஷயம். நம் வாயிலிருந்து எதுவும் போயிருக்கக் கூடாது. ஒரு வாட்ச் திருப்பிக் கொடுத்தபிறகும் அந்த வீட்டு விஷயம் நம்மிடம்தான் இருக்கும்.

கடைசியாகப் போன் செய்தவர் துளசிராம் ஐயா. அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

"தம்பி வச்சிருக்கிறது எந்த மாடல்?"

"தெரியாதுங்கய்யா."

"நீதான சர்வீஸ் பாக்குற?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். என்கிட்ட இருக்கிறது எதுன்னு அவன் உன்னைக் கேட்டானா என்றார். அதையும் நான் சொல்லக் கூடாதுங்கய்யா என்றேன். ரிசீவரை யாரோ கையால் பொத்துகிற மாதிரி இருந்தது. உள்ளே அவர்கள் பாஷையில் இரண்டு குரல்கள் கேட்டன. பிறகு மறுபடியும் அவர் வந்தார்.

"கேட்டானாம். நீ வாயத் தொறக்கலையாம். இங்கதான் பக்கத்துல நிக்கிறான்" என்றார். "நாளைக்குக் கெளம்பி வா. ரெண்டையும் ஒண்ணா எடுத்து வைக்கிறோம், பாத்துரு."

வாரேங்கய்யா என்றேன்.