போட்டான்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில், எங்கள் பின்வளவில் கோழி வாட்டிக்கொண்டிருந்தபோது, விமானக் கண்காட்சிக்கு வந்த உலகப்போர்க் காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் தாழப் பறந்தது.

"அப்பா, நாலு எஞ்சின்! வயித்துக்குள்ள தடுப்பே இல்லை, அதாலதான் அவ்வளவு பெரிய குண்டு கொண்டு போனது. ஜேர்மன்காரற்ற அணையையே உடைச்சது," என்றான் மகன். நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறான். எனக்கோ அந்த உறுமலில் ஊரில் பதுங்கியிருந்த பங்கர்க் குழியின் ஈரமண் மணந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வாய்த்தது 'சகடை'. ஆள் ஏற்றுகிற விமானம். கதவால் பீப்பாய்க் குண்டை உருட்டி விடுவார்கள். எங்கே விழுமென்று உருட்டியவனுக்கே தெரியாது. நாங்கள் பங்கருக்குள் இருக்க, சின்னையா மட்டும் வெளியே நின்று, அண்ணாந்து பார்த்து நிலவரம் சொல்வார்.

அன்று, "போட்டான்!" என்று கத்தினார்.

எங்கள் பேச்சில் குண்டைப் போட்டாலும் 'போட்டான்'தான், போய்விட்டாலும் 'போட்டான்'தான். அம்மா எங்கள் தலைகளை அமுக்கினார். சின்னையாவின் மனைவி, எங்கள் சின்னம்மா, "அப்பாடா, போட்டான். அடுப்பில சோறு கிடக்கு," என்று வெளியே ஏறினார். அதோடு அவரை இழந்தோம்.

சின்னையா இப்போது எங்களோடுதான். எங்கே புறப்பட்டாலும் "போட்டு வாறன்" என்று சொல்லமாட்டார். "போய் வருகிறேன்" என்பார். "என்ன அண்ணை, ரேடியோச் செய்தி மாதிரி?" என்று பக்கத்து வீட்டார் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார்.

லங்காஸ்டர் ஏரிப் பக்கம் திரும்பியது. சத்தம் முழுதாக அடங்கும்வரை பொறுத்திருந்த சின்னையா, குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற என் மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"போய்விட்டது, பிள்ளை. வெளியே வரலாம்."